எவர்சில்வர் அண்டாவுக்குப் போன பிரெஞ்சுப் பாடம்

சின்ன வகுப்புகளுக்குப் பிரெஞ்சு எடுக்க இந்த வருஷம் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். நீங்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் போனவன். அதனால் இலக்கணத்தில் சந்தேகம் என்றால் என்னிடம் வராதீர்கள். எனக்கும் அதே சந்தேகம் இருக்கும். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் 'சட்டை' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கப் போய், பஸ் ஸ்டாப்பில் நின்று சொந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் உங்களில் யாருக்கும் இருக்காது. அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாத்தியார் ஆனதே என் மகளால்தான். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டில் மல்லாக்கப் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் ராமச்சந்திராபுரம் பக்கம் சாப்ட்வேர் ஆட்கள் குடியேற ஆரம்பித்திருந்தார்கள். என் மகள் படித்த பள்ளிக்கு அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள்; கூடவே அவர்கள் கேள்வியும் வந்தது: "அந்தப் பக்கத்து ஸ்கூல்ல பிரெஞ்ச் இருக்கே, இங்க ஏன் இல்ல?" பிரின்சிபால் மேடம் காலைப் பிரேயரில், "உங்களுக்குத் தெரிந்து யாருக்காவது பிரெஞ்சு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் கையைத் தூக்கிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "அப்பா, உங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள். நான் அப்போது லுங்கியில் இருந்தேன்.

லுங்கி என்றதும் பாடத்துக்கு வந்துவிட்டோம். எனக்குக் கொடுத்த புத்தகத்தில் உடைகள் பாடம்தான் பெரிய பாடம். அதில் ஒரு பையன் படம். மேலே கனத்த ஓவர்கோட், கையில் உறை, கழுத்தில் மஃப்ளர், காலில் முழங்கால் வரை பூட்ஸ். அந்தப் படத்தைப் பார்த்து அட்டையில் பொம்மை வெட்டி, காகிதத்தில் உடைகள் செய்து மாட்டச் சொன்னேன். பிள்ளைகள் அழகாகத்தான் செய்தார்கள். ஆனால் ஓவர்கோட்டுக்குக் கறுப்பு அடித்த ஒரு பையன், "சார், இவரு லாயரா?" என்று கேட்டான். கையுறையைக் காட்டி, "இதை எப்போது போடுவார்கள்?" என்று நான் கேட்டேன். "வெயிலுக்கு!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. தப்பே இல்லை. ஹைதராபாதில் ஸ்கூட்டியில் போகிற அம்மாக்கள் வெயில் படாமல் இருக்க முழங்கை வரை உறை மாட்டி, கண் மட்டும் தெரிகிற மாதிரி துணியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். பிள்ளைகள் பார்த்த கையுறை அதுதான். நான்தான் பனி, குளிர் என்று உளறிக்கொண்டிருந்தேன்.

எல்.கே.ஜி. எடுத்த ஒரு டீச்சர், என் வயசில் பாதிகூட இருக்காது, ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள், புக்கில இருக்கிற ட்ரெஸ்ஸை யாரும் போட்டுக்க மாட்டாங்க. வீட்டுக் கொடியில இருக்கிறத எடுத்துட்டு வாங்க" என்றார். எல்லோரும் என்னை சார் என்பார்கள், அந்தப் பெண் மட்டும் அங்கிள் என்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் நான் போகவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாளே வகுப்பில் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டினேன். வீட்டிலிருந்து என் சட்டை, என் பேன்ட், என் மகளின் பாவாடை, என் லுங்கி, ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா எல்லாம் கொண்டுபோய் கிளிப் போட்டு மாட்டினேன். "நம்ம வீட்டு மானம் இப்ப ஸ்கூல்ல தொங்குது" என்றாள் என் மனைவி. ஒவ்வொரு துணிக்கும் ஒரு அட்டை. சட்டைக்கு 'லா ஷெமீஸ்', பேன்டுக்கு 'ல பந்தலோன்', ஸ்வெட்டருக்கு 'ல ப்யூல்'. லுங்கிக்குப் பிரெஞ்சு கிடையாது. யோசித்துப் பார்த்து 'ல லுங்கி' என்றே எழுதி, பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்தேன்.

விளையாட்டு இதுதான். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூட வேண்டும். நான் ஒரு துணியை எடுத்து ஒளித்துவிடுவேன். கண்ணைத் திறந்து, எது காணோம் என்று பார்த்துக் கேட்க வேண்டும்: "ஊ ஏ லா ஷெமீஸ்?" 'ஊ ஏ' என்றால் 'எங்கே'. சட்டை எங்கே? பேன்ட் எங்கே? ஒரு வாரத்தில் வராந்தாவில் ரப்பர் காணாமல் போனால்கூட "ஊ ஏ ரப்பர்?" என்று கேட்கிற அளவுக்கு வகுப்பு தேறிவிட்டது.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஜனனி. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். அவளுடைய அப்பா கம்பெனி வேலையாக அமெரிக்கா போயிருந்தார். போனதிலிருந்து பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தாள். அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் ஒரு வார்த்தை வரும். எங்களிடம் அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணுவார். ரிசீவரைக் காதில் வைத்தால் கேட்டுக்கொண்டே நிற்பாளாம். ஒரு 'ம்' கூட வராதாம். கண்ணை மூடித் திறக்கும் விளையாட்டில் அவள் மட்டும் கண்ணை மூட மாட்டாள். நான் எந்தத் துணியை எங்கே ஒளிக்கிறேன் என்று முழுக்கப் பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாள்.

பிப்ரவரிக் கடைசியில் பெற்றோர் தினம் வந்தது. இரண்டாம் வகுப்பின் பிரெஞ்சு நிகழ்ச்சியாக இந்தத் துணிக்கொடியையே மேடையில் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை என் வீட்டுத் துணி வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் யாருடைய துணியையாவது ஒன்று அன்று காலையில் கொண்டு வரட்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது.

வந்தது பாருங்கள்! கம்பெனி பெயர் போட்ட டீ-சர்ட்டே ஐந்தாறு. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவரின் நீல யூனிஃபார்ம், பையில் ஸ்பேனரோடு. ஒரு நைட்டி. ஒரு பட்டுப் பாவாடை. ஒரு லுங்கி. கடைசியாக ஜனனி, அம்மாவோடு கேட்டில் வந்து நின்றாள். கையில் மடித்த ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர்.

"ஏனுங்க சார்," என்றார் அந்த அம்மா மெதுவாக. "இது அவங்கப்பாவோடதுங்க. புதுசு வாங்கிட்டுப் போனதால இத விட்டுட்டுப் போயிட்டாரு. இது பக்கத்துல இருந்தாத்தான் இவ தூங்குவா. துவைக்கக்கூட விடமாட்டாளுங்க. அவளா எடுத்து வச்சுட்டா, நான் ஒண்ணுமே சொல்லலீங்க. சாயங்காலம் மறக்காம அவ கையிலயே குடுத்துருங்க சார்."

"நானே கொடுக்கிறேன்" என்றேன். ஜனனி கண்ணெதிரிலேயே அட்டை எழுதினேன்: 'ல ப்யூல் த பப்பா'. அப்பாவின் ஸ்வெட்டர். படித்துக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஸ்வெட்டரைக் கொடுத்தாள்.

எல்லாத் துணியையும் வகுப்பில் கொடியில் மாட்டி முடித்தபோது ஷாமியானா போடுகிறவர்கள் வந்தார்கள். கயிறு போதவில்லையாம். "மேடம் சொன்னாங்க சார்" என்று என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சரி, மேடையில் வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று துணிகளை அட்டையோடும் கிளிப்போடும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் போட்டு, வராந்தா ஓரத்தில் ஸ்டோர் ரூம் வாசலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இங்கேதான் நீங்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தால், முதலில் எந்த இடத்தில் எதை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரியுங்கள். எங்கள் பள்ளியில் ஸ்டோர் ரூம் வாசல் என்பது பழைய துணி வைக்கும் இடம். கிழிந்த கர்ட்டன், பழைய ஸ்போர்ட்ஸ் டிரெஸ் எல்லாம் அங்கே சேரும். தெருவில் கூடையோடு பாத்திரக்காரி வரும்போது, ஆயா யாதம்மா அதைப் போட்டு, கிச்சனுக்கு வேண்டிய பாத்திரம் வாங்கி வைப்பார். வருஷக்கணக்காக நடக்கிற ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தால் பெட்டி காலி. பக்கத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் அண்டா. அதில் என் முகம் தெரிந்தது. நல்ல முகமாகத் தெரியவில்லை.

யாதம்மா புடவை முந்தானையால் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவது தெலுங்கு. நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாருங்க சாரு, எவ்வளவு பெரிசு! அவ முதல்ல ஒரு வாளிதான் தருவேன்னா. நான் விடுவேனா? அடியில ஒரு ஸ்வெட்டர் கிடந்துச்சு. இது ஃபாரின் சரக்கு, தொட்டுப் பாருன்னேன். உடனே அண்டாவை இறக்கிட்டா!"

"யாதம்மா, அது பிள்ளைங்க துணி. இன்னிக்கு ப்ரோக்ராமுக்கு."

அவர் அண்டாவைத் துடைப்பதை நிறுத்தினார். "அட்டை எல்லாம் தொங்குச்சே... நான் இஸ்திரிக் கடை சீட்டுன்னு நினைச்சேனே!"

"ஸ்வெட்டர் ஜனனியோடது. அவங்கப்பாவோடது."

பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை எதற்கு அழும் என்று ஆயாக்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. யாதம்மா வேறொன்றும் கேட்கவில்லை. "நடங்க" என்று அண்டாவைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர். நானும் யாதம்மாவும் அண்டாவும் ஏறினோம். அண்டா என் மடியில். அதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் காய்கறிப் பை, இடம் இல்லை என்று அவரே வைத்துவிட்டார். "கல்யாணமா சார்?" என்று டிரைவர் கேட்டார். "ப்ரோக்ராம்" என்றேன். "சமையல் காண்ட்ராக்டா?" என்றார். தலையாட்டிவைத்தேன். யாதம்மா ஒவ்வொரு தெருமுனையிலும் தலையை வெளியே நீட்டி, "பாத்திரக்காரி போனாளா? சிவப்புப் புடவை, பெரிய கூடை" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பழக்கடைக்காரர் ஒருவர் ஃபேக்டரி டவுன்ஷிப் பக்கம் கையைக் காட்டினார்.

கம்பெனி பஸ் நிற்கும் ஸ்டாப்பில், வேப்ப மரத்தடியில் பாத்திரக்கார அம்மாள் இருந்தார். கூடையை இறக்கவில்லை, கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். தலையில் கூடை, அதற்குக் கீழே சும்மாடு. மெரூன் கலர் சும்மாடு. அதிலிருந்து ஒரு அட்டை அவர் நெற்றிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது: 'ல ப்யூல் த பப்பா'.

யாதம்மா எடுத்த எடுப்பிலேயே சண்டையில் இறங்கிவிட்டார். "ஏய், குழந்தைங்க துணியைக் கொண்டுட்டு ஓடி வந்தியா?"

"யாரு ஓடினா?" என்றார் அந்த அம்மாள். கூடையை நிதானமாக இறக்கிவைத்தார். அவர் பேசியது ஹைதராபாத் உருது. "நான் கேட்டேனா? நீ கொடுத்தே, நான் அண்டா கொடுத்தேன். அண்டா உன்கிட்ட இருக்கு, துணி என்கிட்ட இருக்கு. கைக்கு கத்துறே?" கைக்கு என்றால் எதுக்கு.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷிப்டுக்குப் போகும் ஆட்கள், கையில் டிபன் கேரியர். பொழுதுபோக வேண்டும் அவர்களுக்கு. "போலீஸைக் கூப்பிடுங்க" என்றார் ஒருவர். யாதம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த மாதிரி நேரத்தில் நம் வாயில் முதலில் வருவது 'நான் வாத்தியார், நான் சொல்கிறேன்' என்பதுதான். எனக்கும் வந்தது. அதை விழுங்கினேன். ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம். அவர் திருடவில்லை, ஏமாற்றவில்லை. அண்டாவை வெயிலில் தலையில் சுமந்து வந்து, பேரம் பேசி, இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டால் ஸ்வெட்டர் வராது; பஸ்தான் வரும்.

"யாதம்மா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். அண்டாவைக் கீழே வைத்தேன். "அம்மா, நீங்க சொல்றதுதான் சரி. நாங்கதான் தவறிக் கொடுத்துட்டோம். அண்டாவை எடுத்துக்குங்க. துணியைத் தர முடியுமா?"

அவர் அண்டாவைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு வெண்டைக்காய் கிடந்தது. அதையும் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார். "ஆட்டோவில வந்தது, நீங்களே வச்சுக்குங்க" என்றேன். லேசாகச் சிரித்தார். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். டீ-சர்ட், நீல யூனிஃபார்ம், நைட்டி, பட்டுப் பாவாடை, லுங்கி. எதிலும் கிளிப் இல்லை.

"கிளிப்பு?"

"கிளிப்பு கேக்க நக்கோ. அது என் கூலி." நக்கோ என்றால் வேண்டாம். நியாயம்தான்.

ஸ்வெட்டர் மட்டும் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தரமாட்டேன்" என்றார். "காலையில இருந்து கூடை தலையைக் குத்துது. இதை வச்சதும்தான் வலி நின்னுது. நான் இன்னும் லிங்கம்பள்ளி வரைக்கும் நடக்கணும்."

"அம்மா, அதுக்காகத்தான் நான் வந்ததே. ஒரு சின்னப் பொண்ணோடது. அவங்கப்பா ஊர்ல இல்ல. இது இல்லாம தூங்காது."

அவர் ஸ்வெட்டரைப் புரட்டிப் பார்த்தார். மனசு இளகுகிறது என்று நினைத்தேன். இளகியது, ஆனால் வியாபாரமும் வியாபாரம்தானே. அவர் பார்வை மெதுவாக மேலே வந்து என் சட்டையில் நின்றது.

பெற்றோர் தினத்துக்கென்று என் மனைவி எடுத்துத் தைத்துக்கொடுத்த சட்டை அது. நல்ல கனமான காட்டன். காலரில் மஞ்சள்கூட இன்னும் போகவில்லை. அந்த அம்மாள் கிட்டே வந்து, கைப் பக்கத்துத் துணியை இரண்டு விரலால் உரசிப் பார்த்தார். "இது சும்மாட்டுக்கு ஆகும்" என்றார்.

யாதம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தின் பக்கம் திரும்பிவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரி இல்லை.

பள்ளியில் பெற்றோர்கள் வந்து உட்காரும் நேரம். மேடம் என்னைத் தேடிக்கொண்டிருப்பார். அந்த வெயிலில் ஒரு பக்கம் என் மரியாதை, ஒரு பக்கம் ஒரு பிள்ளையிடம் 'நானே கொடுக்கிறேன்' என்று சொன்ன வார்த்தை. மரியாதையை இன்னொரு நாள் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரு குரல்: "சார், நாளைக்கு வரும்போது ரெண்டு சட்டை போட்டுட்டு வாங்க!" என் பனியனில் தோள்பக்கம் ஓட்டை இருந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அங்கே நின்ற எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாத்திரக்கார அம்மாள் என் சட்டையைச் சுருட்டித் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். திருப்தி. ஸ்வெட்டரை என்னிடம் கொடுத்துவிட்டு யாதம்மாவிடம், "இவரு என்ன பாடம் எடுக்கிறாரு?" என்று கேட்டார்.

"துணி பேரு சொல்லிக்கொடுக்கிறாரு."

"துணி பேரா?" அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். "அதுக்கு ஒரு ஸ்கூலா?" என்று சொல்லிவிட்டு, என் சட்டையோடு லிங்கம்பள்ளிப் பக்கம் நடந்தார்.

பள்ளிக்குத் திரும்பியபோது மூன்றாம் வகுப்பு மேடையில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தது நாங்கள். கயிறு இல்லை, கிளிப் இல்லை, எனக்குச் சட்டை இல்லை. மேடைக்குப் பின்னால் திரைமறைவில் என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இருட்டு மூலையாகப் பார்த்து நின்றுகொண்டு, "கொடி கிடையாது. அவங்கவங்க கொண்டுவந்த துணியை எடுத்து அவங்கவங்களே போட்டுக்குங்க" என்றேன். அவ்வளவுதான். நீல யூனிஃபார்முக்குள் ஒரு பையன் காணாமல் போனான். ஒருத்தி நைட்டியைத் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு நடந்தாள். லுங்கிக்காரன் கழுத்தில் கட்டிக்கொண்டான். யாதம்மா பின் குத்திக்கொண்டே ஓடினார். மூன்றாம் வகுப்பு ஆடி முடித்து இறங்கிவிட்டது, முன்திரை மூடியிருந்தது.

ஜனனி மட்டும் நகரவில்லை. நான் அவள் முன்னால் உட்கார்ந்து ஸ்வெட்டரை நீட்டினேன்.

வாங்கினாள். உடனே முகத்தில் வைத்து முகர்ந்தாள். அந்த அம்மாளின் தலையிலிருந்த தேங்காய் எண்ணெய் மணம் மொத்தமும் அதில்தான் இருந்தது. அவள் முகம் சுருங்கியது. கீழுதடு வெளியே வந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அது நல்ல குணத்தால் இல்லை, அந்த நேரத்தில் எனக்குப் பொய்யே வரவில்லை. "ஜனனி, யாதம்மா இதைத் தெரியாம ஒரு பாத்திரக்கார ஆன்ட்டிகிட்ட போட்டுட்டாங்க. அவங்க இதைத் தலையில வச்சு, மேல கூடை வச்சு, அதுமேல வாளி, குண்டான் எல்லாம் வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. நான் ஆட்டோல துரத்திட்டுப் போனேன். மடியில ஒரு அண்டா. இத வாங்கறதுக்கு..." அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அவள் என்னைக் கீழிருந்து மேலே பார்த்தாள். பேன்ட், பெல்ட், பனியன், ஓட்டை. உதடு உள்ளே போயிற்று. வகுப்பில் ஒரு நாளும் கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளை, இப்போது நேராக என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, கொஞ்சம் அதட்டலாகவே கேட்டாள்:

"ஊ ஏ லா ஷெமீஸ்?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இடம் மாறிவிட்டது, இப்போது நான்தான் ஜனனி. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் முடிந்தது. "ஊ ஏ லா ஷெமீஸ்! ஊ ஏ லா ஷெமீஸ்!" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டது. ஷாமியானாக்காரர் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டார். எதிரே பெற்றோர்கள். முதல் வரிசையில் மேடம்.

நான் ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்தது ஜனனிதான். ஸ்வெட்டரை என் மேல் திணித்தாள். "வேஸ்கோண்டி, சார்" என்றாள். போட்டுக்கோங்க என்று தெலுங்கில். யாரையும் தொட விடாத ஸ்வெட்டர்.

போட்டுக்கொண்டேன். அவளுடைய அப்பா ஒல்லி போலிருக்கிறது. தொப்புள் வரைக்கும்தான் வந்தது. அந்த வெயிலில், ஷாமியானாவுக்குக் கீழே, மெரூன் ஸ்வெட்டரில் வியர்த்து ஊற்ற, நிகழ்ச்சி முழுவதையும் நடத்தினேன். நைட்டி தடுக்கி ஒருத்தி விழுந்தாள், எழுந்து "லா ரோப்!" என்று அதன் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள். பெற்றோர்கள் கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரு சாப்ட்வேர் அப்பா வந்து கைகுலுக்கி, "சட்டையில்லாம ஸ்டார்ட் பண்ணி, கடைசியில வின்டர் டிரெஸ்ல முடிச்சீங்களே, கான்செப்ட் பிரமாதம் சார்" என்றார். "தேங்க்ஸ்" என்றேன். மேடம் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டோர் ரூம்ல ஒரு அண்டா இருந்ததா யாரோ சொன்னாங்களே?" என்று கேட்டார். "ஊ ஏ" என்று நான் ஆரம்பிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஜனனியின் அம்மா கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க சார், ஸ்வெட்டரை அவளே துவைக்கப் போட்டுட்டாளுங்க. உங்க வேர்வை நாத்தம் தாங்கலையாமா."

"மன்னிச்சுக்குங்கம்மா."

"அட, நீங்க வேறங்க! நேத்து அவங்கப்பா போன் பண்ணுனாருங்க. இவளே வந்து ரிசீவரைப் புடுங்கிட்டா. பாத்திரக்காரி, அண்டா, உங்க பனியன் ஓட்டை, ஒண்ணு விடல. அவரு அங்க சிரிக்கிற சத்தம் ஹால் வரைக்கும் கேக்குது. கடைசியில இவ என்னமோ உங்க பாஷையில கேட்டாளுங்க. அவருக்குப் புரியல. 'வெரி குட், வெரி குட்'னு சொல்லி வச்சுட்டாரு. இவ மூஞ்சி சுண்டிப் போச்சு. அதென்னங்க சார், 'ஊ ஏ பப்பா'ன்னா?"

அந்த வார்த்தைகளை நான் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'ஊ ஏ' விளையாட்டில் இருந்தது. 'பப்பா' ஸ்வெட்டர் அட்டையில் இருந்தது. இரண்டையும் எடுத்து அவளே கோத்திருக்கிறாள்.

"அப்பா எங்கேன்னு கேட்டிருக்காம்மா" என்றேன்.

அந்த அம்மா ஸ்கூட்டி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குப் பதில் என்னங்க சார்? அவருகிட்ட சொல்லிர்றேன்" என்றார்.

"'ஜாரீவ்'னு சொல்லச் சொல்லுங்க. இதோ வந்துகிட்டிருக்கேன்னு அர்த்தம். ஆனா இப்ப வேண்டாம்மா. டிக்கெட் போட்ட அப்புறம் சொல்லச் சொல்லுங்க. இந்தப் பிள்ளை கண்ணை மூடாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பரீட்சை எல்லாம் முடிந்து, பள்ளி மூடுவதற்கு முன்னால் ஒரு நாள், ஸ்கூட்டியை நிறுத்தாமலே கேட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்:

"சார்! டிக்கெட் போட்டாச்சுங்க, நேத்து சொல்லிட்டாருங்க!"

"என்ன சொன்னா ஜனனி?"

"உச்சரிப்பு சரியில்லையாமுங்க. மூணு தடவ திருப்பிச் சொல்ல வச்சா!"